முகத்துவாரத்தில் ஒரு ஜீப் டிரைவர்

"பெயர்: சு. ஆவுடைநாயகம். பதவி: படகு இயக்குநர். பாரம்பரியக் கடலோடிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இளமை முதல் கடலில் பழகியவர். நீச்சலில் தேர்ந்தவர். கொந்தளிப்பான வேளையிலும் பதற்றமின்றிச் செயல்படக்கூடியவர்."

பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில், பச்சை அட்டைக் கோப்புக்குள் இந்தத் தாள் இருக்கிறது. முத்திரையும் கையெழுத்தும் அவையவை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. உண்மை என்று தேடினால் பெயர் மட்டும் தேறும். தலைப்பெழுத்துகூடத் தப்பு. அவருடைய அப்பா பெயர் நெல்லையப்பன்.

ஆவுடைநாயகத்தின் குடும்பத்துக்கும் கடலுக்கும் இருந்த ஒரே தொடர்பு உப்பு. அதையும் டவுன் ரதவீதிக் கடையில்தான் வாங்கினார்கள். சைவ வீடு. தெருவில் யாராவது மீன் கூடையோடு போனால் ஜன்னலைச் சாத்துகிற வீடு. நீச்சல் என்று அவர் அறிந்ததெல்லாம் குறுக்குத்துறையில் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, சொம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வது. பதற்றமின்மையைப் பற்றிச் சொல்வதென்றால், ரயில்வே கேட் மூடியிருந்தால் அவரால் சீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. இறங்கி நான்கு டயரையும் உதைத்துப் பார்ப்பார். ரயில் வருகிற திசையைப் பார்த்து ரயிலைத் திட்டுவார். ஏறுவார், மறுபடி இறங்குவார். கொஞ்சம் அசந்தால் ஏதோ ஒன்று பின்னாலிருந்து வந்து தன்னை இடித்துவிடும் என்பது அவருடைய ஆயுட்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் பலனாக, இருபத்துமூன்று வருஷம் அலுவலக ஜீப்பை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார்.

பிறகு ஜீப்புக்கு வயதாகிவிட்டது. ஓட்டத் தகுதியற்றது என்று எழுதிக் கழித்துவிட்டார்கள். ஜீப் போனால் ஜீப் டிரைவர் பதவியும் போகும். ஆவுடைநாயகத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. வேறு வேலை தெரியாது. அலுவலகக் கண்காணிப்பாளர் வேதமுத்து நல்ல மனிதர். விதிகளை மீறமாட்டார், ஆனால் அவற்றின் நடுவே எங்கே சந்து இருக்கிறது என்று தெரிந்தவர். பழைய திட்டம் ஒன்றில் படகு இயக்குநர் பதவி காலியாகக் கிடப்பதைத் தேடிக் கண்டுபிடித்தார். முன்பு அதில் இருந்தவர் கடற்கரைக்காரர், ஓய்வு பெற்றுவிட்டார். வேதமுத்து அந்தப் பழைய தாளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றினார். மற்றதையும் மாற்றினால் மேலே இருக்கிறவர்கள் வாசித்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை.

"டிரைவர்னா டிரைவர்தான வே," என்றார் வேதமுத்து. "ஸ்டியரிங்குக்குக் கீழ தார் ஓடுனா என்ன, தண்ணி ஓடுனா என்ன?"

படகில் ஸ்டியரிங்கே கிடையாது என்பது இருவருக்கும் பிறகுதான் தெரிந்தது. ஞானம்பாள், ஆவுடைநாயகத்தின் மனைவி, இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தூக்கோடு உலர்ந்த துண்டு ஒன்றும் சேர்த்து வைத்துக் கொடுத்தாள். சமாதானம் ஆகிவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலில் படகு நின்றது. இருபத்திரண்டு அடி ஃபைபர் படகு, பின்பக்கம் தொங்கவிட்ட எஞ்சின், அதிலிருந்து நீளுகிற ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருகினால் வேகம், ஆட்டினால் திசை. அங்கே தினக்கூலி உதவியாளராக கஸ்பார் என்று ஒருவர் இருந்தார். புன்னைக்காயல்காரர், நாற்பத்தைந்து வயது, பல் முளைத்த நாளிலிருந்து கடலில் இருப்பவர். கோப்பில் உள்ள அந்தத் தாள் உண்மையில் கஸ்பாரைப் பற்றியது என்றே சொல்லலாம். ஆனால் கஸ்பார் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆகவே படகு ஓட்டத் தகுதியில்லாதவர். ஆவுடைநாயகம் பத்தாவது பாஸ்.

இரண்டு பேரும் பேசாமலே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். படகுத்துறையிலிருந்து ஆறு முடிகிற இடம் வரை ஆவுடைநாயகம் ஓட்டுவார். ஆற்றில் அலை இல்லை, எதிரே லாரி இல்லை, ஒரு மாதத்தில் நன்றாகவே பழகிவிட்டது. தண்ணீரின் நிறம் மாறுகிற இடம் வந்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். கஸ்பார் எஞ்சினுக்குப் போவார். ஆவுடைநாயகம் மிதவைச் சட்டையை மூன்றாம் தடவையாக இறுக்கிக்கொண்டு முன்பலகையில், படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டி, கஸ்பாரைப் பார்த்து உட்காருவார். திரும்பும்போதும் அப்படியேதான். போகிற திசையைப் பார்த்தால் அவருக்குக் குமட்டும். உட்கார்ந்த பிறகும் வலது கால் ஆடிக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு நாள் இப்படி.

போவது சுலபம், திரும்புவதுதான் சங்கதி என்று கஸ்பார் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். போகும்போது அலை எதிரே வரும், பார்த்து ஏறி இறங்கிவிடலாம். வரும்போது அது முதுகுக்குப் பின்னால் வரும். முகத்துவாரத்தில் மணல் மேடு இருப்பதால் அங்கே வந்ததும் எழுந்து நிற்கும். மழைக்காலத்தில் ஆறு உள்ளேயிருந்து தள்ள, வாடைக்காற்று வெளியேயிருந்து தள்ள, நடுவில் அலை செங்குத்தாகும். அப்போது முன்னே போகிற அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதன் வேகத்திலேயே உள்ளே வரவேண்டும். அதைத் தாண்டிப் பாய்ந்தால் படகின் மூக்கு குத்திக்கொள்ளும். தயங்கினால் பின்னால் வருவது ஏறி உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் சொன்ன கஸ்பார் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அதைக் கவனித்தது எப்சி. பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க வருகிற ஆய்வு உதவியாளர். பாளையங்கோட்டைப் பெண், முப்பது வயது இருக்கும். அப்பா அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள் என்பதால் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரியாது. பின்னால் வருகிற அலை எப்படித் தெரிகிறது என்று கேட்டாள்.

"திரும்பி எதுக்குப் பாக்கணும்?" என்றார் கஸ்பார். "நம்ம அண்ணாச்சி மூஞ்சில எல்லாம் தெரியுதுல்லா. கண்ணு விரிஞ்சா சின்னது. வாயி தெறந்தா பெரிசு. முருகான்னு சத்தம் வந்திட்டுன்னா ஒடனே முறுக்கிருவேன்."

ஆவுடைநாயகத்துக்குச் சுருக்கென்று இருந்தது. மறுவாரம் முழுக்க முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள முயன்றார். அந்த வாரம் கஸ்பார் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டியதாயிற்று, கழுத்து வலிக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கடுத்த வாரம் முகம் பழையபடி தானாக விரியத் தொடங்கிவிட்டது. அரசாங்கம் தன் முகத்துக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

போன கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. ஆறு செம்மண் நிறத்தில் இறங்கிக் கடலுக்குள் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. மழை விட்ட மறுநாள், ஆற்றுத் தண்ணீர் எதுவரை போகிறது என்று ஐந்து இடங்களில் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. ஊர்ப் படகு ஒன்றும் இறங்கவில்லை. ஆனாலும் விடியற்காலையில் காற்று தூங்கும், போய்விட்டு மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று கஸ்பார் சொன்னார். எப்சி முந்தின நாளே வந்து காயல்பட்டினத்தில் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். ஏழு மணிக்கு இருவரும் தயார். படகு இயக்குநர் வரவில்லை. ஸ்ரீவைகுண்டம் தாண்டிச் சாலையில் தண்ணீர் நின்றதால் பஸ் சுற்றி வந்தது. பஸ்ஸில் ஆவுடைநாயகம் சீட்டில் உட்காராமல் டிரைவருக்குப் பின்னால் நின்று, எந்தப் பள்ளத்தில் எந்த கியர் என்று யோசனை சொல்லி, அந்த மனிதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இயக்குநர் இல்லாமல் படகை எடுக்கக்கூடாது. ஓட்டத் தெரிந்தவர், தெரியாதவருக்காக மூன்று மணி நேரம் கரையில் காத்திருந்தார்.

நான்கு இடங்கள் முடிந்து ஐந்தாவதில் நங்கூரம் போட்டபோது மணி ஒன்றரை. காற்று எழுந்துவிட்டது. எப்சி குப்பியை நிரப்பி மூடினாள். நங்கூரம் அடியில் எங்கேயோ சிக்கிக்கொண்டு வரவில்லை. கஸ்பார் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். அப்படிச் செய்யக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர்தான். அந்த நேரம் பார்த்து ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. கயிறு இறுகி, கை படகின் விளிம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே மாட்டியது. விடுவித்தபோது மணிக்கட்டுக்குக் கீழே கை வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோள்பட்டையும் இறங்கியிருந்தது.

கயிறு கிழித்த இடத்தில் ரத்தம் வழிந்தது. எப்சி துப்பட்டாவால் கட்டினாள். ஆவுடைநாயகம் கயிற்றை அறுத்தார், அதற்கே நாலைந்து தடவை கத்தி நழுவியது. தூத்துக்குடிப் பக்கம் போய்விடலாமா என்று எப்சி கேட்டாள். எதிர்க்காற்று, அவ்வளவு பெட்ரோல் இல்லை. நிற்கலாமா? நிற்க நிற்கக் காற்று கூடும், கஸ்பாருக்கு ரத்தம் போகும். இருந்தது முகத்துவாரம் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, ஓட்டுங்க," என்றார் கஸ்பார்.

"நானா?"

"வேற யாரு இங்கன படகு இயக்குநரு?"

அந்த வலியிலும் அவருக்குக் கேலி வந்தது.

கஸ்பாரை முன்பலகையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். எப்சி அவரைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆவுடைநாயகம் கைப்பிடியைப் பிடித்தார். கரை தெரிந்தது, கோயில் கோபுரம் தெரிந்தது, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு தோன்றித் தோன்றி மறைந்தது. அந்தக் கோடுதான் முகத்துவாரம். இரண்டு வருஷமாய்த் தான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததை இன்று முதல் முறையாக நேரே பார்த்தார். குமட்டவில்லை, அதற்குக்கூட நேரமில்லை.

பின்னால் என்ன வருகிறது என்று தெரியவேண்டும். பழக்கதோஷத்தில், கஸ்பார் செய்ததையே செய்தார். முன்பலகையில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்தார். கஸ்பாரின் முகத்தில் ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, ஆவுடைநாயகத்தின் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எப்சியைப் பார்த்தார். அவள் கண்ணை இறுக்க மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். தைரியசாலியின் முகத்திலும் விசுவாசியின் முகத்திலும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஆவுடைநாயகத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

அதற்குள் படகின் பின்புறம் உயர்ந்தது. பெரிதாக ஏதோ இரைந்துகொண்டு முதுகுக்கு மிக அருகே வந்துவிட்டது. இருபத்துமூன்று வருஷ டிரைவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். நான்குவழிச் சாலையில் மணல் லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் வேகத்தைக் குறைத்து, பைய இடப்பக்கம் ஒதுங்கி, வழி விட்டுவிடவேண்டும். மரியாதைக்கு மரியாதை, உயிருக்கு உயிர். கைப்பிடியைத் தளர்த்தினார். இடப்பக்கம் ஒதுங்கினார்.

அலை கடந்து போகவில்லை. படகின் பின்புறத்தை வாரித் தூக்கி, முன்புறத்தை அப்படியே அழுத்திவிட்டு, முழுப் படகையும் பக்கவாட்டில் திருப்பியது. வலப்பக்க விளிம்பு தண்ணீருக்குள் போய்த் தலைதூக்கியது. முழங்கால் அளவு கடல் உள்ளே இருந்தது. எப்சி கண்ணைத் திறந்துவிட்டாள்.

"முறுக்குங்க, வெளிய திருப்புங்க," என்று கஸ்பார் கத்தினார். அவர் கத்தி ஆவுடைநாயகம் கேட்டதே இல்லை. முறுக்கினார். படகு தள்ளாடித் திரும்பி, அடுத்த அலையை நெஞ்சு கொடுத்து வாங்கி, மேலே ஏறி அந்தப் பக்கம் விழுந்தது. அதற்கடுத்ததையும். அலை உடைகிற இடத்துக்கு வெளியே வந்து, கடலைப் பார்த்தபடி படகை மெல்ல ஓடவிட்டார்கள். எப்சி வாளியால் தண்ணீரை இறைத்தாள்.

"இது ரோடு இல்ல அண்ணாச்சி," என்றார் கஸ்பார், இப்போது மெதுவாக. "நீங்க வழி விட்டா அது பாட்டுக்குப் போவாது. நம்மளயும் கூட்டிட்டுத்தான் போவும்."

"உம்ம மூஞ்சியப் பாத்தேன் வே. ஒண்ணுமே தெரியல. பயமே இல்லயா உமக்கு?"

"இருக்கு. நெறய இருக்கு. எனக்கு மூஞ்சிக்கு வராது, அவ்வளவுதான்."

பிறகு கஸ்பார், செய்யவேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்னால் பாரம் இருந்ததால்தான் படகு மூக்கைக் குத்தித் திரும்பியது. எல்லாரும் பின்னால் வரவேண்டும். அவரே இடது கையை ஊன்றி நகர்ந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் படகின் தரையில், ஆவுடைநாயகத்தின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். எப்சி நடுவில் தரையில் உட்கார்ந்தாள். பெரிய அலைகள் நாலைந்து சேர்ந்து வரும், அவை போனபின் கொஞ்சம் சின்னவை வரும். அதில் ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடித்தபின் அதை விடவும் கூடாது, தாண்டவும் கூடாது. பின்னால் வருவதைப் பார்த்து வேகத்தைக் கூட்டலாம், அதற்குப் பயந்து குறைக்கக்கூடாது.

"ரெண்டு பக்கமும் எப்படி வே பாக்கது? எனக்கு ஒரு மூஞ்சிதான இருக்கு."

"முன்னால நான் பாக்கேன் அண்ணாச்சி," என்றாள் எப்சி. "வழி எங்கன இருக்குன்னு கை காட்டுதேன். நீங்க பின்னால பாருங்க."

பின்னால் பார்த்து வண்டி ஓட்டிய டிரைவரை அவர் கேள்விப்பட்டதில்லை. அப்படி ஒருவன் தனக்குக் கீழே கிளீனராக இருந்திருந்தால் அன்றைக்கே இறக்கிவிட்டிருப்பார். உடம்பை முறுக்கி உட்கார்ந்து, தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்.

பார்த்ததும் ஒரு விசித்திரம் நடந்தது. அவருக்கு அந்த அலைகளைத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம், வாரம் இரண்டு நாள், இமைக்காமல் பயந்து பயந்து பார்த்த அலைகள். எது தலையில் வெள்ளை கட்டியும் உடையாமல் சும்மா தூக்கிவிட்டுப் போகும், எது வழுவழுவென்று நல்ல பிள்ளையாக வந்து கடைசியில் கவிழ்க்கும் என்று அவருக்குப் புரிந்தது. இதைக் கஸ்பாரால் சொல்ல முடியாது. கஸ்பார்தான் திரும்பியே பார்த்ததில்லையே. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் பின்னால் வரும் கடலை இத்தனை தடவை, இத்தனை கவனமாகப் பார்த்த மனிதன், திருநெல்வேலி டவுன் சைவப்பிள்ளை ஒருவர்தான்.

பெரியவை நான்கு போயின. கஸ்பார் அவர் காலைத் தட்டினார். முறுக்கினார்.

முதல் இரண்டும் தூக்கிவிட்டுப் போயின. மூன்றாவது நல்ல பிள்ளை. அது கிட்டே வருவதற்கு முன்பே வேகத்தைக் கூட்டினார், அது அவருக்குப் பின்னால் இரண்டு ஆள் தூரத்தில் உடைந்து நுரையாகிப் படகைத் தள்ளியது. எப்சியின் கை வலப்பக்கம் போயிற்று. அவள் கையை ஓரக்கண்ணால் பார்த்து, வந்த அலையை முழுக்கண்ணால் பார்த்து, படகை வலப்பக்கம் ஒடித்தார். வலது கால் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்தியது பாதி கஸ்பாரின் தொடையை.

ஆவுடைநாயகம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார், எல்லாம் அலையிடம். "வா, வா, நீ சின்னவன், போ. ஏலே, நீ எங்க ஏறுத? ஹாரன் அடிச்சா வழி விட்டுருவேன்னு பாக்கியோ?" ஐந்தாவது அலை எழுந்தபோது சூரிய வெளிச்சம் அதன் உடம்புக்குள் பச்சையாகத் தெரிந்தது. முருகா என்று வாய்விட்டே சொன்னார். கஸ்பார் அனிச்சையாக இடது கையைத் தூக்கினார், முறுக்கச் சொல்வதற்கு. அதற்குள் ஆவுடைநாயகம் முறுக்கிவிட்டிருந்தார்.

"எம்மா, குனிஞ்சு உக்காரு," என்றார் எப்சியிடம். இரண்டு வருஷத்தில் அவளை மேடம் என்று அழைக்காதது அதுதான் முதல் தடவை. ஆறாவது அலை எஞ்சினுக்கு மேலே தலையை எட்டிப்பார்த்து, இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே கொட்டிவிட்டுப் பின்வாங்கியது. ஏழாவது பாதியிலேயே சோர்ந்து படுத்தது. தண்ணீர் செம்மண் நிறமானது. இரைச்சல் பின்னால் போய்விட்டது.

"அண்ணாச்சி, இனி முன்னால பாக்கலாம்," என்றார் கஸ்பார்.

அவர் கேட்கவில்லை. படகுத்துறை வரை கழுத்தைத் திருப்பியபடியே ஓட்டினார். எப்சிதான் கை காட்டி, சத்தம் போட்டு, மற்றப் படகுகளில் இடிக்காமல் கொண்டு சேர்த்தாள். கரையில் நின்றவர்கள், அரசாங்கப் படகு ஏன் பின்பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். கஸ்பாரின் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான்கு பேர் இறங்கி அவரைத் தூக்கினார்கள், ஒருவர் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்றைக்குப் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு ஆவுடைநாயகம், வாடைக்காற்று பின்னாலிருந்து அடிக்க, ஏழு அலைகளையும் திரும்பிப் பார்த்தபடி, வேகத்தைக் குறைக்காமல் படகை முகத்துவாரத்துக்குள் ஓட்டி, கஸ்பாரையும் எப்சியையும் உயிரோடு கரையில் இறக்கினார்.